டவர் விலகினால் போன் கத்தும்

புளியரையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "எங்க தெருப்பக்கம் செல்போன் டவர் வைக்கப் போறாங்க. மனு கொடுத்துத் தடுத்துட்டா பிள்ளைங்க மூளைக்கு நல்லதுதானே?"

பெரும்பாலும் நேர்மாறாகத்தான் ஆகும்.

செல்போன் அலைக்கு எக்ஸ்ரே போல அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கும் வலு கிடையாது. காதோரத் திசுவைக் கொஞ்சம் சூடாக்கும், அவ்வளவுதான் உறுதியாகத் தெரிந்தது. 2011இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் முகமை இதை 2பி, அதாவது 'புற்றுநோய் தரக்கூடும்' என்ற சந்தேகப் பட்டியலில் வைத்தது. அதே நிறுவனம் கேட்டுச் செய்து 2024இல் வந்த ஆய்வுத் தொகுப்பில் மூளைப் புற்றுநோயோடு தொடர்பு தென்படவில்லை.

சரி, டவர் விஷயத்துக்கு வருவோம். போன் எப்போதும் ஒரே பலத்தில் அலையை அனுப்புவதில்லை. டவர் அதன் குரலைக் கேட்டுக்கொண்டே "குறை", "கூட்டு" என்று உத்தரவு போடுகிறது. 3ஜியில் நொடிக்கு 1,500 முறை! நீங்கள் 'ஹலோ' சொல்லி முடிப்பதற்குள் நூற்றுக்கணக்கான உத்தரவுகள் வந்து போய்விடும். நம் மூளை மேல் உள்ள கரிசனமல்ல இது. டவரடியில் நிற்பவர் போன் கத்தினால் தூரத்துப் போனின் முனகல் அதில் அமுங்கிவிடும், பேட்டரியும் வீண். 4ஜி போனின் உச்சம் சுமார் 200 மில்லிவாட். டவர் பக்கத்தில் இருந்தால் அதில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கும்.

புளியரையிலிருந்து எல்லை தாண்டி, கேரளத்து ஆரியங்காவுக்கு பஸ்ஸில் போகும்போது கவனியுங்கள். மலைப்பாதையின் எஸ் வளைவு ஏறியதும் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாக உதிரும். நம்ம பக்கத்து டவர் கைவிட்டு, கேரள டவர் சரியாகப் பிடிக்காத இடத்தில், காதில் வைத்த போன் முழு மூச்சில் கத்தும். போன் சுடுவது கன்னத்திலேயே தெரியும். டவர் அலையோ தூரம் இரட்டித்தால் நாலில் ஒன்றாகிவிடும். போன் இருப்பது மண்டையோட்டிலிருந்து ஒரு விரற்கடை தூரத்தில்.

கடைகளில் விற்கும் 'கதிர்வீச்சுத் தடுப்பு' ஸ்டிக்கரும் இதே கதைதான். அது நிஜமாகவே அலையைத் தடுத்தால் போன் இன்னும் பலத்தைக் கூட்டும். தடுக்காவிட்டால் காசு தண்டம். 2020இல் ஓர் அரசு ஆணையத் தலைவரே, போன் கதிர்வீச்சைக் குறைக்கும் என்று சொல்லி மாட்டுச்சாணச் சிப்பை அறிமுகப்படுத்தினார். அந்த அக்கறையை ஆராய்ச்சி நிதியில் காட்டியிருக்கலாம்.

அப்புறம், *#07# அழுத்தினால் உங்கள் போனின் எஸ்ஏஆர் மதிப்பு, அதாவது உடல் திசு உறிஞ்சும் அலை ஆற்றலின் அளவு, வரும். நம் நாட்டு வரம்பு ஒரு கிலோ திசுவுக்கு 1.6 வாட். திரையில் வரும் எண், போன் உச்ச பலத்தில் இருக்கும்போது அளந்தது.