மெஷின் எங்கே நிற்க வேண்டும்?

சம்பளம் போட்ட வாரத்துச் சனிக்கிழமையில் என் கடையில் உட்கார இடம் கிடைக்காது. சுங்கை சிப்புட் அப்படியொன்றும் பெரிய ஊர் இல்லை. மலேசியாவின் முன்னாள் அமைச்சர் துன் சம்பந்தன் பிறந்த ஊர் என்றால் வெளியூர்க்காரர்களுக்குச் சட்டென்று புரியும். ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் நடுவே, பழைய நெடுஞ்சாலையில், சுற்றிலும் செம்பனையும் மிச்சம் மீதி பால்மரமுமாக இருக்கிறது. வாரம் முழுக்கத் தோட்டத்திலோ ஈப்போ பக்கம் தொழிற்சாலையிலோ கிடக்கும் பையன்கள் அன்றைக்குத்தான் முடிவெட்ட வருவார்கள். நாற்காலியில் உட்கார்ந்ததும் கைப்பேசியை நீட்டுவார்கள்.

"அண்ணே, இதே மாதிரி."

படத்தில் யாராவது பந்து வீரர் இருப்பார். காதுக்கு மேலே நாலு விரல் உயரத்துக்குத் தோல் தெரிய வழித்து, உச்சியில் மட்டும் முடி. ஹை ஸ்கின் ஃபேட் என்று பெயர். அருமையான வெட்டுதான், அந்த முகத்துக்கு.

2002-இல் நான் தொழில் பழக வந்தபோது உலகக் கிண்ணப் போட்டி நடந்துகொண்டிருந்தது. பிரேசிலின் ரொனால்டோ தலையை ஒட்ட வழித்து, முன்நெற்றியில் மட்டும் முக்கோணமாக முடி விட்டு வந்து நின்றார். அடுத்த வாரமே எங்கள் கடைக்கு முன்னால் பொடியன்கள் வரிசை. தன் கால் காயத்தைப் பற்றியே எல்லோரும் பேசிக்கொண்டிருந்ததால் பேச்சை மாற்றத்தான் அப்படி வெட்டிக்கொண்டேன் என்று பிற்பாடு அவரே சொன்னார். அதைப் பார்த்து வெட்டிக்கொண்ட பிள்ளைகளின் தாய்மாரிடம் மன்னிப்பும் கேட்டார். முடிவெட்டுபவர்களிடம் கேட்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். "என் முகத்துக்கு எந்த ஸ்டைல் பொருந்தும்?" என்று கேட்பவர்களிடம் நான் ஸ்டைலின் பெயரைச் சொல்வதில்லை. பெயர் வருஷத்துக்கு ஒன்று மாறும். பக்கவாட்டில் முடிவெட்டும் மெஷின் எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்பது மட்டும் ஆளுக்கு ஆள் மாறுமே தவிர, வருஷத்துக்கு வருஷம் மாறாது. முகம் அகலமாகத் தெரிவதும் நீளமாகத் தெரிவதும் பெரும்பாலும் அந்த உயரத்தில்தான் இருக்கிறது.

முதலில் முகத்தை அளக்க வேண்டும். நீள்வட்டம், வட்டம், சதுரம் என்று படம் போட்டுக் காட்டும் அட்டைகளை நம்பாதீர்கள். கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துச் சரியாக வடிவம் சொன்னவரை நான் அதிகம் பார்த்ததில்லை. கன்னம் கொஞ்சம் உப்பியிருந்தால் வட்டம் என்பார்கள், தாடி வைத்திருந்தால் சதுரம் என்பார்கள். தலையை நனைத்து முடியைப் பின்னால் வாரிவிடுங்கள். சீப்பை இரண்டு கன்ன எலும்புக்கும் குறுக்கே பிடித்து, அகலம் முடியும் இடத்தில் பெருவிரலால் பிடித்துக்கொள்ளுங்கள். அதே அளவை அப்படியே நெட்டுக்குத்தாகத் திருப்பி, மோவாயிலிருந்து முடி தொடங்கும் கோடு வரை வைத்துப் பாருங்கள். நீளம், அகலத்தைப் போல ஒன்றேகால் மடங்குக்கும் குறைவாக இருந்தால் குட்டை முகம், அதாவது வட்டமோ சதுரமோ. ஒன்றரையைத் தொட்டால் நீள முகம். நடுவில் இருந்தால் கவலையில்லை, எந்த வெட்டும் ஓரளவுக்கு உட்காரும். அடுத்து நெற்றி, தாடை இரண்டில் எது அகலம் என்று பாருங்கள். அவ்வளவுதான் கணக்கு. ஏறுநெற்றி உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முடிக்கோடு பின்னால் போகப் போக முகத்தின் நீளம் கூடிக்கொண்டே வரும். இருபது வயதில் பொருந்திய வெட்டு நாற்பதில் பொருந்தாமல் போவது அதனால்தான்.

இனி மெஷின். சீப்பைக் காதுக்கு மேலே பக்கவாட்டில் நெட்டுக்குத்தாகப் பதித்து வையுங்கள். கீழ்ப்பாதி மண்டையோடு ஒட்டியிருக்கும். மேலே போகப் போக ஓரிடத்தில் மண்டை உள்ளே வளைந்து சீப்பை விட்டு விலகும். வீட்டில் சுவர் முடிந்து கூரை இறங்கும் இடம் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். கை பழகிய முடிதிருத்துபவர் இந்த இடத்தைப் பார்த்த பிறகுதான் மெஷினை எடுப்பார். சுவரில் மெஷின் எவ்வளவு ஏறினாலும் மறுபடி சரிசெய்யலாம். கூரையில் ஏறிவிட்டால் தலையின் அகலம் போய்விடும், மேலே இருக்கும் முடி கொண்டை மாதிரி தனியாக நிற்கும்.

நீள முகத்துக்கு இதுதான் பெரிய ஆபத்து. அகலத்தைக் குறைத்து உயரத்தைக் கூட்டினால் முகம் இன்னும் நீளும். 2006-இல் ஓர் அண்ணன் கல்யாணத்துக்கு முந்தைய நாள் வந்தார். பக்கமெல்லாம் ஒட்ட வழித்து, மேலே ஜெல் போட்டு ஊசி மாதிரி நிமிர்த்தி வைப்பது அப்போதைய மோகம். நல்ல நீள முகம் அவருக்கு. எனக்கு அப்போதே மனதுக்குள் உறுத்தியது. ஆனால் மாப்பிள்ளை கேட்கிறார், நானோ சின்னப் பையன், எப்படி மறுத்துப் பேசுவது? கேட்டபடியே வெட்டிவிட்டேன். மறுநாள் தலைப்பாகை கட்டியிருந்த வரை தப்பித்தது. விருந்தில் கழற்றினார். அந்தக் கல்யாணப் படம் இன்னும் அவர் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. தீபாவளிக்குப் போகும்போதெல்லாம் அதற்கு முதுகு காட்டித்தான் உட்காருவேன்.

அவருக்கு நான் செய்திருக்க வேண்டியது இது. பக்கவாட்டில் மெஷினில் மாட்டும் சீப்பில் மூன்றாம் நம்பர் அல்லது நான்காம் நம்பர், அதாவது 10 முதல் 13 மில்லிமீட்டர் வரை முடியை விட்டிருக்க வேண்டும். ஒட்ட வழிப்பதெல்லாம் கிருதாவிலும் பிடரியிலும் மட்டும், காதின் மேல்விளிம்புக்குக் கீழேயே நின்றிருக்க வேண்டும். மேல்முடியை நிமிர்த்தாமல், வகிடு எடுத்து ஓரமாகச் சாய்த்திருக்கலாம். அல்லது முன்னால் கொஞ்சம் இறக்கி நெற்றியில் ஒரு விரல் அளவு மறைத்திருக்கலாம். நெற்றி மறைந்தாலே நீளத்தில் ஒரு பங்கு காணாமல் போகும். நீள முகக்காரர்கள் மோவாயில் தாடியைத் தொங்க விடவும் கூடாது. கன்னத்தில் இருக்கட்டும், கீழே குட்டையாக இருக்கட்டும்.

வட்ட முகத்துக்கு இதை அப்படியே திருப்பிப் போடுங்கள். பக்கத்தை இறுக்கி, மெஷினை நெற்றிப்பொட்டு வரை ஏற்றி, மேலே நாலைந்து சென்டிமீட்டர் விட்டால் முகம் நீளும். படத்தில் இருக்கும் பந்து வீரரின் வெட்டு உண்மையில் இவர்களுக்குத்தான் எழுதி வைத்தது. வேடிக்கை என்னவென்றால், கன்னம் பெரிதாக இருக்கிறதே என்று கூச்சப்பட்டு அதை மூட முடியை வளர்ப்பவர்களும் இவர்கள்தான். காதுக்கு மேலே முடி புடைத்துக்கொண்டு நின்றால் முகம் பூசணிக்காய் ஆகும். நேர்கோடாக நெற்றியில் முடியை வெட்டி விடுவதும் வேண்டாம்.

சதுர முகம் அதிர்ஷ்டக்கார முகம். தாடை தெரிய எப்படி வெட்டினாலும் ஆண்மையாக இருக்கும், அதிகம் யோசிக்க வேண்டாம். நெற்றி குறுகித் தாடை அகன்றிருந்தால் நெற்றிப்பொட்டுப் பக்கம் முடியை விட்டு வைக்க வேண்டும், அங்கே வழித்தால் முகம் பேரிக்காய் மாதிரி ஆகிவிடும். நெற்றி அகன்று மோவாய் கூர்மையாக இருப்பவர்களுக்குக் கொஞ்சம் தாடி போதும், பாதிக் குறை தீர்ந்துவிடும்.

முகத்தை மட்டும் பார்த்து வெட்டிக்கொண்டிருந்தவன் நான். தலையையும் முடியையும் பார்க்கக் கற்றுக்கொடுத்தது 2020. மார்ச் 18-இல் கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்ததும் கடையை மூடினோம், ஜூன் 10-ஆம் தேதிதான் திறக்க விட்டார்கள். தலைமுடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர், சிலருக்கு அதற்குக் கொஞ்சம் கூட வளரும். வழக்கமாக ஒட்ட வெட்டும் ஆட்கள் மூன்று சென்டிமீட்டர் கூடுதல் முடியோடு வந்து நின்றார்கள். பத்து வருஷமாக வெட்டிய தலைகள்தான், ஆனால் எனக்கே புதிதாகத் தெரிந்தன. யாருக்குச் சுருட்டை, யாருக்கு முடி முன்னால் விழுகிறது, யாருக்குக் காதோரம் அடர்த்தி என்பதெல்லாம் அப்போதுதான் கண்ணில் பட்டது. இரட்டைச் சுழிக்காரர்கள் எத்தனை பேர் என்றும் அப்போதுதான் தெரிந்தது.

இரட்டைச் சுழி இருந்தால் இரண்டு கல்யாணம் என்று பாட்டிமார் சொல்வார்கள். அதைப் பற்றி எனக்குத் தெரியாது. ஆனால் இரண்டு சுழிக்கும் நடுவே இருக்கும் முடியைக் குட்டையாக வெட்டினால் அது முள்ளம்பன்றி மாதிரி நிமிர்ந்து நிற்கும் என்பது உறுதி. அங்கே ஒன்று எட்டாம் நம்பர், அதாவது 25 மில்லிமீட்டருக்குக் குறையாமல் விட வேண்டும், இல்லையென்றால் மொத்தமாக ஒட்ட வெட்டிவிட வேண்டும். நடுத்தரமாக வெட்டுவதுதான் வம்பு. சுருட்டை முடிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: நனைத்து இழுத்துப் பிடித்து வெட்டினால் காய்ந்ததும் ஒரு விரல் மேலே ஏறிக்கொள்ளும். காய்ந்த முடியில் கடைசித் திருத்தம் செய்யச் சொல்லுங்கள்.

அப்புறம் ஹெல்மெட். இதை எந்த அட்டையிலும் எழுதியிருக்க மாட்டார்கள். எங்கள் ஊரில் கப்சாய், அதாவது சின்ன மோட்டார் சைக்கிள், இல்லாத வீடு கிடையாது. காலையில் அரை மணி நேரம் முடியை நிமிர்த்திவிட்டு ஹெல்மெட்டைக் கவிழ்த்தால், போய் இறங்கும்போது தட்டையாகிக் கிடக்கும். செம்பனைக் குலை அறுக்கும் ஒரு தம்பி, வட்ட முகம், மேலே உயரம் வேண்டும் என்றான். தொப்பி, வேர்வை, ஹெல்மெட் மூன்றும் அவன் தலையில் எந்நேரமும் இருக்கும். ஐந்து சென்டிமீட்டர் வைத்தால் நிற்காது. இரண்டரை வைத்து, மேல்முடியை ஒரே அளவாக வெட்டாமல் ஏற்ற இறக்கமாகக் கொத்திவிட்டேன். ஹெல்மெட்டைக் கழற்றி விரலால் நாலு தரம் கலைத்தால் எழுந்துகொள்ளும். அவன் கேட்ட உயரம் வரவில்லை. வந்த உயரம் வேலை நாளிலும் நிற்கிறது.

ஸ்கின் ஃபேட் வெட்டுவதற்கு முன் உங்கள் பையையும் பார்த்துக்கொள்ளுங்கள். தோல் தெரிய வழித்த இடத்தில் இரண்டு வாரத்தில் அரை சென்டிமீட்டர் முளைத்துவிடும், அழகு அத்தோடு போச்சு. மாதம் ஒருமுறை வருபவருக்கு அது கட்டுப்படியாகாது. கீழே ஒன்று, மேலே போகப் போக இரண்டாம் நம்பர் என்று வெட்டினால் நாலு வாரமும் பார்க்கும்படி வளரும். எனக்கு வரும்படி குறைவுதான், பரவாயில்லை.

சுருட்டை முடிக்காரர்கள் இன்னொரு காரணத்துக்காகவும் யோசிக்க வேண்டும். பிளேடால் ஒட்ட வழித்த சுருட்டை முடி, முளைக்கும்போது வளைந்து தோலுக்குள்ளேயே குத்தும். பிடரியில் கொப்புளம் கொப்புளமாக வருவது அதனால்தான். அதைச் சொறிந்துவிட்டு, அடுத்த மாதமும் அதே இடத்தில் வழித்தால் சிலருக்கு நாள்பட்டுத் தடித்த தழும்பாகிவிடும். பிடரியில் கொப்புளம் இருந்தால் பிளேடு வேண்டாம் என்று சொல்லுங்கள். மெஷினிலேயே முடித்துக்கொள்ளலாம். ஆறவில்லை என்றால் தோல் மருத்துவரிடம் போங்கள். பிளேடு எடுக்கும்போது உங்கள் கண்ணெதிரே புதிதாக மாட்டுகிறார்களா என்றும் பாருங்கள், கேட்பதில் தப்பே இல்லை.

சொல்ல வந்தது இது இல்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். வெட்டி முடித்ததும் கழுத்தைப் பிடித்துச் சடக்கென்று திருப்பி நெட்டி எடுக்கச் சொல்லும் அங்கிள்மார் இன்னும் இருக்கிறார்கள். நான் செய்வதில்லை. கழுத்தெலும்பின் ஊடாக மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அந்தத் திருப்பில் கிழிந்தால் பக்கவாதம் வரலாம். அரிதுதான். ஆனால் ஒரு முடிவெட்டுக்காக எடுக்கிற ஆபத்தா அது? தோளைப் பிடித்துவிடுகிறேன், அத்தோடு விட்டுவிடுங்கள் என்பேன். சிலர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போயிருக்கிறார்கள்.

கடைக்குப் போகும்போது பிறர் தலையின் படத்தைக் காட்டுவதை விட உங்கள் தலையின் படத்தையே காட்டுங்கள். நன்றாக அமைந்த வெட்டு என்று தோன்றிய அன்றைக்கே முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம் மூன்றையும் எடுத்து வையுங்கள். பிறர் படம் காட்டியே ஆக வேண்டுமென்றால், அவர் முகமும் உங்கள் முகமும் ஒரே நீளமா என்று பார்த்துக்கொண்டு காட்டுங்கள். "பக்கத்தில் எத்தனை நம்பர், எந்த இடத்தில் நிறுத்துவீர்கள்?" என்று கேளுங்கள். விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். கோபப்பட்டால் அந்த நாற்காலியில் உட்கார வேண்டாம்.

போன மாதம் அந்தக் கல்யாண மாப்பிள்ளை அண்ணன் தன் மகனோடு வந்தார். பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்துவிட்டு ஈப்போவில் வேலைக்குச் சேரப் போகிற பையன். அச்சு அசல் அப்பா முகம், அதே நீளம். உட்கார்ந்ததும் கைப்பேசியை நீட்டினான். பார்த்தேன், காதுக்கு மேலே நாலு விரல்.

"அங்கிள், இதே மாதிரி."

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னால் பெஞ்சிலிருந்து அவன் அப்பா குரல் கொடுத்தார்.

"டேய், நம்ம வீட்டுக் கூடத்துல மாட்டியிருக்கிற படத்தை ஒருதரம் பாத்துட்டு வந்து அப்புறம் கேளு."