வார்னிஷ் பூசிய ஒரு காம்பீலி: இத்தாலிய ஓவியத்தை ஏலத்தில் கேட்பதற்கு முன்

ஏலத்துக்கு முந்தைய நாட்களில், வாங்க நினைப்பவர்களின் சார்பில் ஓவியங்களை நேரில் சோதித்து அவற்றின் நிலையை எழுதிக் கொடுப்பது என் தொழில். சில ஆண்டுகளுக்கு முன் மிலானில், மாஸ்ஸிமோ காம்பீலி வரைந்த, இரண்டு பெண்கள் எதிரெதிரே அமர்ந்திருக்கும் படம் ஒன்றைப் பார்க்கச் சென்றேன். ஏலப் பட்டியலின் படத்தில் காவி நிறங்கள் செறிந்து மின்னின. என்னை அனுப்பியவருக்குப் பிடித்திருந்ததே அந்த மினுமினுப்புதான். எனக்கு உறுத்தியதும் அதுவே.

1895இல் பெர்லினில் பிறந்த காம்பீலி, 1919 முதல் பாரிஸில் ஓர் இத்தாலிய நாளிதழின் செய்தியாளராக வேலை பார்த்துக்கொண்டே ஓவியரானவர். 1928இல் ரோமின் வில்லா ஜூலியா அருங்காட்சியகத்தில் கண்ட, ரோமானியருக்கு முன் இத்தாலியில் வாழ்ந்த எட்ரூஸ்கன் மக்களின் கலை அவர் கையையே மாற்றிவிட்டது. அதன் பிறகு அவர் வரைந்த பெண்களுக்கு உடுக்கை போல் இடை சிறுத்திருக்கும். படத்தின் தளமோ பழைய சுவரோவியத்தைப் போல, சுண்ணாம்பு படிந்தாற்போல் வெளிறி, வறண்டிருக்கும். பாதுவா பல்கலைக்கழகத்தின் லிவியானோ கட்டடத்தில் 1939–40இல் அவர் உண்மையாகவே சுவரில் வரைந்தார். கான்வாஸில் எண்ணெய் வண்ணத்தைக் கையாண்டபோதும் அவர் தேடியது அந்தச் சுவரின் வறட்சியைத்தான். அது தூசியோ மங்கலோ அல்ல. அவர் விரும்பி உண்டாக்கியது.

இது தெரியாமல், படம் மங்கிவிட்டது என்று எண்ணி அதன்மேல் வார்னிஷ் பூசிவிடுவோர் உண்டு. காய்ந்த மண் வாசலில் தண்ணீர் தெளித்தால் மண்ணின் நிறம் அடர்ந்து தெரிவதைப் போல, வறண்ட வண்ணத்தில் வார்னிஷ் இறங்கியதும் வெண்மை பழுப்பாகிறது, காவி கறுக்கிறது. வாசல் காய்ந்துவிடும், துளைகளுக்குள் இறங்கிய வார்னிஷை முழுமையாக வெளியே எடுப்பது பெரும்பாலும் முடியாது. அன்று மிலானில் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தபோது, இடப்புறப் பெண்ணின் தோளில் வார்னிஷ் ஒழுகி உறைந்த ஒரு கோடு தெரிந்தது. புற ஊதா விளக்கில் தளம் முழுவதும் படிந்த வார்னிஷ் பச்சை சாயலில் ஒளிர, வலப்புறப் பெண்ணின் கன்னத்தில் மட்டும் கட்டைவிரல் அகலத்துக்குக் கறுப்புத் திட்டு நின்றது. பின்னாளில் வேறொருவர் தீட்டிச் சரிசெய்த இடம் அப்படித்தான் தெரியும்.

படத்தைத் திருப்பிக் காட்டச் சொன்னேன். (எந்த ஏலக்கூடத்திலும் இதைத் தயங்காமல் கேட்கலாம், ஊழியரே கழற்றிக் காட்டுவார்.) பழைய கான்வாஸின் பின்னால் இன்னொரு துணியை மெழுகும் பிசினும் கலந்து சூடாக ஒட்டியிருந்தார்கள். ஒரு காலத்தில் பரவலாக நடந்த சிகிச்சைதான் இது; ஆனால் சூட்டில் உருகும் மெழுகு முன்பக்கம்வரை ஊறி, வெளிறிய வண்ணங்களை மேலும் இருட்டாக்கும். பழைய கண்காட்சி ஒட்டுச்சீட்டுகளோ உரிமையாளர் குறிப்புகளோ இருந்திருந்தால் அவையும் அந்தத் துணிக்கு அடியில் போயிருக்கும். கேட்டபின் ஏலக்கூடம் அனுப்பிய நிலை அறிக்கையில் இருந்தது ஒரே வரி: ‘நல்ல நிலையில் உள்ளது.’ அதில் பொய் இல்லை. கிழிசல் இல்லை, வண்ணம் உதிரவில்லை. ஆனால் ஏல நிபந்தனைகளில் பொருள் ‘உள்ளது உள்ளபடி’ விற்கப்படுவதாகப் பொதுவாக எழுதியிருக்கும். பிறகு போய் முறையிட இடம் குறைவு.

தாள்களையும் இதே சந்தேகத்தோடு படிக்க வேண்டும். ‘ஓவியரின் கையெழுத்து உள்ளது’ என்பதும் ‘கையெழுத்து ஒன்று காணப்படுகிறது’ என்பதும் ஒன்றல்ல. இரண்டாவதில், அது ஓவியர் இட்டதுதான் என்று ஏலக்காரர் பொறுப்பேற்கவில்லை. இத்தாலியில் ஓவியரின் பெயரால் இயங்கும் ஆவணக் காப்பகம், படத்தின் புகைப்படத்தில் சான்றெழுதித் தருவது வழக்கம். அந்தப் புகைப்படத்தை எதிரே இருக்கும் படத்தோடு அங்குலம் அங்குலமாக ஒப்பிடுங்கள். தேதியையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. இத்தாலிய ஓவியர் ஜியோர்ஜோ தெ கீரிகோ 1910களின் தன் புகழ்பெற்ற படங்களைப் பல பத்தாண்டுகள் கழித்துத் தானே மறுபடி வரைந்து, சிலவற்றில் பழைய தேதியையே இட்டார். கை அவருடையதுதான், விலை மட்டும் மலைக்கும் மடுவுக்கும் வேறுபடும்.

வெளிநாட்டில் இருந்துகொண்டு கேட்பவர்கள் அதிகம் தடுக்கி விழுவது ஏற்றுமதியில்தான். 70 ஆண்டுக்கு மேல் பழைய, வரைந்தவர் உயிரோடு இல்லாத, 13,500 யூரோவுக்கு மேல் மதிப்புள்ள படம் இத்தாலியை விட்டு நிரந்தரமாக வெளியேற, பண்பாட்டு அமைச்சகத்தின் ஏற்றுமதி அலுவலகம் அனுமதிச் சான்று தர வேண்டும். 2017இல்தான் இந்த வயது வரம்பு 50இலிருந்து 70 ஆயிற்று. நாட்டின் பண்பாட்டுச் சொத்து என்று அரசு அறிவித்துவிட்டால், படம் உங்களுடையதாகவே இருந்தாலும் இத்தாலிக்குள்தான் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட படம் மலிவாகக் கிடைப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. சான்று முன்பே வாங்கப்பட்டிருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள்.

செலவுக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சுத்தியல் விழுந்த விலையின் மேல் பெரும்பாலும் 25 சதவீதத்தை ஒட்டி ஏலக்கூடத்தின் கமிஷனும், அதன் மேல் வரியும் வரும். ஓவியர் இறந்து 70 ஆண்டுவரை, படம் மறுபடி விற்கப்படும்போது வாரிசுகளுக்குச் சேர வேண்டிய மறுவிற்பனைப் பங்கும் உண்டு. 1971இல் காலமான காம்பீலிக்கு அது 2041 முடியும்வரை பொருந்தும். ஒரு லட்சம் யூரோ விலைக்கு அது 3,500 யூரோ. சட்டப்படி விற்பவர் தர வேண்டியதுதான் என்றாலும், ஒப்பந்தத்தில் வாங்குபவர் தலையில் கட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

என்னை அனுப்பியவரிடம், மனத்தில் வைத்திருந்த தொகையில் மூன்றிலொரு பங்கைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்றேன். குறைத்தார், தொலைபேசியில் இருந்த வேறொருவர் அதைத் தாண்டிக் கேட்டு வாங்கிப்போனார். சில மாதங்கள் கழித்து, வார்னிஷ் படாத ஒரு சிறிய காம்பீலியை என்னை அனுப்பியவரே கண்டுபிடித்து என்னை அழைத்தார். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன். எங்கும் பளபளப்பு இல்லை. ‘இவ்வளவு மங்கலாகவா இருக்கும்?’ என்று கேட்டார்.