கிணற்றடியில் ஒரு கேத்தில்

மாங்குளத்துக்குப் பக்கத்தில் பெரியப்பாவின் தோட்டம். வீட்டிலிருந்து கிணற்றுக்கு 100 மீற்றர் இருக்கும். பின்னேரங்களில் மோட்டரைப் போட்டால் சுற்றாமல் உறுமிக்கொண்டு நிற்கும், பிறகு மூச்சுப்பிடித்து ஓடத் தொடங்கும், சில நாள் அதுவும் இல்லை. வந்து பார்த்த ஒருவர் மோட்டருக்குள் சுற்றியிருக்கும் கம்பி, அந்தக் காயில், போய்விட்டது என்று சொல்லிவிட்டுப் போனார்.

"கரண்ட் அளக்கிற மீற்றரைக் கொண்டு வாடா தம்பி, நீ படிச்சனிதானே."

மீற்றரோடு, தண்ணி கொதிக்கவைக்கும் கரண்ட் கேத்திலையும் தூக்கிக்கொண்டு போனேன். பெரியப்பா ஒரு மாதிரிப் பார்த்தார். மோட்டரைக் கழற்றிவிட்டு அதே வயரில் கேத்திலைக் கொளுவினேன். வீட்டில் 228 வோல்ற், கிணற்றடியில் 211, ஓடுவது 5 அம்பியர்.

வோல்ற்றை அம்பியரால் வகுத்தால் தடை (ஓமில்), பெருக்கினால் வலு (வாற்றில்). ஜேர்மனியில் ஆசிரியராக இருந்த ஓம், தடை பற்றிய விதியை 1827இல் புத்தகமாகவே எழுதிவிட்டார். கணக்கு லேசு, ஆனால் எந்த வோல்ற் என்பதில்தான் ஆட்கள் சறுக்குவார்கள். எந்தப் பொருளின் தடை வேண்டுமோ அதன் இரண்டு முனைக்கும் இடையே உள்ள வோல்ற்தான் கணக்கு. கேத்திலுக்கு 211ஐ 5ஆல் வகுத்தால் 42 ஓம். வயருக்கோ 228 இல்லை, வழியில் தொலைந்த 17 வோல்ற். 5ஆல் வகுத்தால் 3.4 ஓம். ஒரு சதுர மில்லிமீற்றர் செப்புக் கம்பி போக 100, வர 100 மீற்றர் என்றால் அவ்வளவுதான் வரவேண்டும், ஆக வயரில் பழுதில்லை, மெல்லிசு.

ஏன் கேத்தில்? மோட்டரில் மின்னோட்டம் வோல்ற்றுக்குச் சற்றுப் பிந்தி வரும், அங்கே வெறும் பெருக்கல் வாற்றைக் கூட்டிக் காட்டும். இழை பல்பும் சரிவராது, சூடேற அதன் தடை மாறிவிடும். கரண்ட் இல்லாத காலத்தில் சைக்கிள் டைனமோ சுற்றி றேடியோ கேட்டவர்களுக்கு அந்த 6 வோல்ற், 3 வாற் பல்ப் நினைவிருக்கும். எரியும்போது 12 ஓம், அணைந்து குளிர்ந்தபின் அளந்தால் ஒன்றிரண்டுதான்.

சரி, வலுவுக்கு வருவோம். 17ஐ 5ஆல் பெருக்கினால் 85 வாற், அத்தனையும் வயர் சூடாவதற்கே. மோட்டரும் ஏறத்தாழ 5 அம்பியர்தான் இழுக்கும். நாளுக்கு 4 மணித்தியாலம் இறைத்தால் மாதம் 10 யூனிற் வேலிக்கரையில் வீணாகிறது. (கேத்திலும் 1250 வாற் என்று எழுதியிருந்தும் 1055தான் தந்தது, தேத்தண்ணி பிந்தியது.) ஆனால் பெரிய அடி மோட்டர் கிளம்பும் நொடியில்தான். அப்போது அது ஓடும்போது இழுப்பதைப்போலப் பல மடங்கு இழுக்கும். 20 அம்பியர் என்றாலே 68 வோல்ற் வயரில் விழுந்துவிடும். சுழற்றும் விசை வோல்ற்றின் வர்க்கத்தோடு குறைவதால் மோட்டருக்குப் பாதிப் பலம்தான் மிஞ்சும். பின்னேரம் ஊரே லைற் போடும் நேரம், லைனிலேயே வோல்ற் இறங்கியிருக்கும். வாய்க்காலின் கடைசி வயல்காரர் படும் பாடுதான்.

இரண்டரை சதுர மில்லிமீற்றர் வயர் இழுத்தோம். அதே கேத்தில், கிணற்றடியில் 221 வோல்ற். மோட்டர் உறுமாமல் எடுபட்டது.

பழைய வயரை எறியப் போன பெரியப்பாவைத் தடுத்து, கோழிக்கூட்டுக்கு எல்இடி பல்ப் போட வைத்தேன். அந்தப் பல்புக்கு ஒரு அம்பியரில் பத்தில் ஒரு பங்குகூட வேண்டாம், 3.4 ஓமில் அரை வோல்ற்கூட விழாது.