பால்வாடிக்கு டாக்டர் வந்தால் சீட்டு வாங்காமல் விடாதீர்கள்

மும்பை தாராவியில் எங்கள் சாலில் (வரிசை வீட்டுக் குடியிருப்பில்) நாலு வயதுக் குழந்தை. கடைவாய்ப் பல் இரண்டும் கறுத்து, கன்னம் வீங்கி, மூன்று நாளாய்க் கஞ்சிகூட இறங்கவில்லை. வீட்டுவேலைக்கு லீவு போட்டுத் தூக்கிக்கொண்டு ஓடிய அம்மாவுக்கு ஓர் ஆஸ்பத்திரிக் கவுன்டரில் கிடைத்த பதில்: "தூத் கா தாந்த் ஹை, கிர் ஜாயேகா" (பால்பல்தானே, விழுந்துவிடும்). முன்பல் ஆறேழு வயதில் விழும், சரி. கடைவாய்ப் பால்பல் பத்து, பன்னிரண்டு வயதுவரை நிற்க வேண்டியது. அதுவரை சீழோடு இருக்கணுமா?

2013இல் வந்த ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் என்ற மத்திய அரசின் குழந்தை நலத் திட்டத்தின்படி, பால்வாடிப் பிள்ளைகளை டாக்டர் குழு வருஷத்துக்கு இரண்டு தடவை வந்து பார்க்க வேண்டும். சொத்தைப் பல்லும் அந்தப் பட்டியலில் உண்டு. மேல்சிகிச்சை இலவசம்.

பிள்ளையைப் பக்கத்து இங்கிலீஷ் மீடியம் நர்சரியில் போட்டிருந்தால் குழு அங்கே வராது. ஆனால் குடிசைப் பகுதியில் ஆறு வயதுவரை உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் திட்டம். எனவே குழு வருகிற நாளில் பால்வாடிக்குத் தூக்கிப் போங்கள். என்றைக்கு என்று வீடு தேடி வந்து யாரும் சொல்ல மாட்டார்கள். டீச்சரை நச்சரித்துக்கொண்டே இருக்கணும்.

அன்றைக்கு எடை, உயரம் பார்த்ததும் அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டுவிடுவார்கள். நகராதீர்கள். "வாயைத் திறந்து பாருங்க டாக்டர்" என்று கேளுங்கள். சொத்தை இருந்தால் "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று வாயால் சொல்வது செல்லாது. பிள்ளை பேர், என்ன கோளாறு, எந்த ஆஸ்பத்திரி, கையெழுத்து, எல்லாம் உள்ள சீட்டு வேண்டும். வாங்கியதும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், கவுன்டரில் சீட்டு காணாமல் போவது புதுசில்லை. மும்பை சென்ட்ரல் பக்கம் நாயர் பல் ஆஸ்பத்திரி, சிஎஸ்எம்டி ரயில் நிலையம் பக்கம் அரசுப் பல் கல்லூரி, இரண்டிலும் குழந்தைப் பல்லுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. கவுன்டரில் கேஸ் பேப்பர் (பதிவுச் சீட்டு) போடும்போதே அந்தப் பிரிவைச் சொல்லிக் கேளுங்கள். இல்லாவிட்டால் பெரியவர்கள் வரிசையில் பாதி நாள் போய்விடும்.

பல் பராமரிப்பைச் சொல்லித் தரச் சொல்லியும் பால்வாடி டீச்சரிடம் கேட்கலாம். சுகாதாரக் கல்வி பால்வாடியின் ஆறு சேவைகளில் ஒன்று, 15 முதல் 45 வயதுப் பெண்களுக்கானது. பகலெல்லாம் பிள்ளையை வைத்திருக்கிற பாட்டிக்கு அறுபது வயது என்பது திட்டம் போட்டவர்களுக்குத் தோன்றவில்லை! அதைச் சொல்லித் தரும் கூட்டத்துக்கு அவரையும் கூட்டிப் போங்கள், யாரும் துரத்த மாட்டார்கள்.

அதுவரை வீட்டிலேயே பாட்டிக்குக் காட்டுங்கள். பிள்ளையை மடியில் சாய்த்து, மூன்று வயதுவரை அரிசி அளவு, அதற்கு மேல் பட்டாணி அளவு ஃப்ளோரைடு பேஸ்ட் வைத்து, காலையும் ராத்திரியும் பெரியவர் கையால்தான் தேய்க்கணும். தேய்த்தபின் பால் பாட்டிலோடு படுக்கவிடக் கூடாது. பாட்டி பல்லில் தேய்க்கிற மிஷ்ரிப் பொடி டப்பா பரணில் இருக்கட்டும். அது கருக்கின புகையிலை.