குழுவாக உட்கார வைத்தால் மட்டும் போதாது

சென்னைக் கல்லூரிகளில் ஆசிரியர்களுக்கு குழுவழிக் கற்றல் பயிற்சி நடத்தும்போது தவறாமல் வரும் கேள்வி இது: "பசங்களைப் பேச விட்டா சிலபஸை எப்போ மேடம் முடிக்கிறது?"

நியாயமான கேள்விதான். ஆனால் இந்த முறை பிறந்ததே பெரிய வகுப்புக்காக. 1970களின் கடைசியில் அமெரிக்காவின் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் 40 பேர் இருந்த வகுப்பு 120 ஆனபோது, அங்கே பேராசிரியராக இருந்த லாரி மைக்கேல்சன் இதை உருவாக்கினார். மாணவர்கள் பாடத்தைப் படித்துவிட்டு வர வேண்டும். வந்ததும் சின்னதாக ஒரு தேர்வு, முதலில் தனியாக. அப்புறம் அதே கேள்விகளுக்குக் குழுவாகப் பேசி விடை. எங்கே தடுமாறினார்களோ அதை மட்டும் ஆசிரியர் நடத்தினால் போதும். நேரம் மிச்சமாவது அங்கேதான்.

குழுவை ஆசிரியரே பிரிக்க வேண்டும். ஐந்து முதல் ஏழு பேர், செமஸ்டர் முடியும்வரை அதே குழு. நகர்த்த முடியாத பெஞ்சா? முன்வரிசை மூவர் திரும்பி, பின்வரிசை மூவரைப் பார்த்து உட்காரட்டும்.

சறுக்கல் பெரும்பாலும் கேள்வியில்தான். "சென்னையின் குடிநீர் ஆதாரங்களை விளக்குக" என்று கொடுத்தால், ஆளுக்கொரு பத்தி பிரித்துக்கொள்வார்கள். கடைசியில் ஒருத்தி உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒட்டுவாள், அட்டையில் ஆறு பெயர் இருக்கும். அந்தப் பெண்ணுக்கு நாம் செய்வது அநியாயம். அதையே இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளும் வறண்டன. பணம் ஒரு திட்டத்துக்குத்தான் இருக்கிறது. ஏரியைத் தூர்வாருவதா, கடல்நீரைக் குடிநீராக்குவதா, கழிவுநீரைச் சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்குத் தருவதா?" எல்லாக் குழுவுக்கும் இதே கேள்வி. ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம். எல்லாரும் ஒரே நேரத்தில் விடை அட்டையைத் தூக்க வேண்டும். அடுத்த குழுவைப் பார்த்து மாற்றிக்கொள்ள வழியில்லை. பக்கத்துக் குழு வேறு அட்டையைக் காட்டியதும், கடைசி பெஞ்ச் மாணவன்கூட எழுந்து "அது எப்படி சார்?" என்பான்.

இப்படி ஒரு கேள்வி எழுத நேரம் பிடிக்கும். அதனால் முதல் செமஸ்டரில் ஒரே ஒரு யூனிட் போதும். துறையில் இன்னொருவரைச் சேர்த்துக்கொண்டு எழுதுங்கள். துறைத்தலைவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: குழுத் தேர்வுக்கும், குழுவில் ஒருவருக்கொருவர் தரும் மதிப்பீட்டுக்கும் இன்டர்னலில் எத்தனை மதிப்பெண் என்பதை செமஸ்டர் தொடங்கும் முன்பே முடிவு செய்து மாணவர்களிடம் சொல்லிவிடுங்கள்.