நெற்றுக் கஷாயம் குடிக்கும் மண்சுவர்

மேற்கு ஆப்பிரிக்க நாடான புர்கினா ஃபாசோவின் தெற்கெல்லையில், கானாவை ஒட்டி இருக்கிறது டியேபெலே. அதன் ஓவிய வீடுகளைப் படத்தில் பார்த்த வாசகர் ஒருவர் கேட்கிறார்: "மண்ணும் சாணமும்தானே, மழைக்குக் கரையாதா?"

இது காஸெனா மக்களின் ஊர். பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் போட்ட கோட்டால் பிரிந்த அதே மக்கள் கானா பக்கம் பாகா, நவ்ரோங்கோவிலும் வாழ்கிறார்கள். டியேபெலே அரச வளாகம் 2024இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. சவான்னா எனும் வறண்ட புல்வெளிப் பகுதி ஊர்களுக்கே உரிய வழக்கப்படி, சுவர்வேலை அறுவடை முடிந்த வறண்ட மாதங்களில் நடக்கும். மழை தொடங்கிவிட்டால் பூச்சு காயாது.

பெண்கள் செம்மண்ணையும் சாணத்தையும் குழைத்துப் பூசுகிறார்கள். சாண நார் வெடிப்பைத் தடுக்கிறது. பூச்சு ஈரமாக இருக்கும்போதே கிராஃபைட் கறுப்பும் வெண்களிமண்ணும் தீட்டி, கூழாங்கல்லால் தேய்க்கிறார்கள். தட்டையான களிமண் துகள்கள் படுத்து ஒட்டிக்கொள்ள, நுண்துளைகள் அடைபடுகின்றன. அதிகமாகக் காய்ந்த பிறகு தேய்த்தால் பூச்சு உதிரும்.

அடுத்ததுதான் அருமையான கட்டம். நெரே என்பது அவரைபோல் நெற்று காய்க்கும் ஆப்பிரிக்க மரம். அதன் நெற்றில் இருக்கும் மஞ்சள் மாவைத் தின்றுவிடலாம். விதை புளிக்கவைத்த 'சும்பாலா'வாகிக் குழம்புக்குப் போகும். மிஞ்சும் தோலைக் கொதிக்கவைத்தால் செம்பழுப்புக் கஷாயம் கிடைக்கும். அதைக் காய்ந்த சுவரில் புல் விளக்குமாற்றால் தெளிக்கிறார்கள். அதில் இருப்பது டானின், நம் கடுக்காயின் துவர்ப்புக்குக் காரணமான அதே பொருள். களிமண் தகடுகளுக்கு நடுவே நீர் புகுந்தால் அவை வழுக்கிப் பிரியும். மண் கரைவது என்பது இதுதான். டானின் மூலக்கூறோ பல கைகள் உள்ளது. ஒரு கை ஒரு துகளின் இரும்பைப் பிடிக்க, மறு கை அடுத்த துகளைப் பிடிக்கிறது. கஷாயம் பட்ட செம்மண் கருமையாவது இந்தப் பிடிப்பின் அடையாளம். கடுக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்ந்தால் மை கறுப்பதும் இதே வேதியியல்தான்.

இந்தப் பூச்சு நிரந்தரமல்ல. மழை சிறிது சிறிதாகக் கழுவிவிடும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பப் பூச வேண்டும். அந்த வேலைக்குச் சோம்பி மேலே சிமெண்ட் பூசினால் வினை. மண் ஈரத்தில் விரிந்து வெயிலில் சுருங்கும், சிமெண்ட் அசையாது. விரிசல் வழியே புகுந்த நீர் வெளியேற வழியின்றி, சுவர் உள்ளேயே இளகிப் பெயர்ந்து விழும். சிமெண்ட் ஆய்வுக்குக் கொட்டும் பணத்தில் ஒரு பங்காவது இத்தகைய கஷாயங்களின் அளவு, பக்குவம் பற்றிய ஆய்வுக்குப் போக வேண்டும்.

நேரில் போகிறவர்கள் பாதுகாப்பு நிலவரத்தை முதலில் விசாரிக்கவும். புர்கினா பக்கம் போக முடியாவிட்டால், கானாவின் சிரிகுவில் இதே மரபைப் பார்க்கலாம். சுவரின் அடிப்பாகத்தைக் கவனியுங்கள்: மழைநீர் தெறித்து முதலில் அரிப்பது அங்கேதான்.