ஆல்பம்: தொகையா, கோவையா?

சென்னையில் ‘ஆல்பம் சாங்’ என்றால் சினிமாவில் வராத பாட்டு. ஒரே ஒரு பாட்டை யூட்யூபில் ஏற்றிவிட்டு ‘நம்ம ஆல்பம் வந்திருக்கு’ என்பார்கள், யாருக்கும் குழப்பம் வராது. போட்டோ ஸ்டூடியோவில் அதே சொல் கல்யாணப் புத்தகம்.

லத்தீனில் ஆல்புஸ் என்றால் வெள்ளை. பழைய ரோமில் அரசு அறிவிப்புகளும் பெயர்ப் பட்டியல்களும் எழுதி வைத்த வெள்ளைப் பலகைதான் ஆல்பம் (லேப் ரிப்போர்ட்டில் வரும் ஆல்புமினும் இதே வேர்தான்). 16ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் மாணவர்கள் நண்பர்களிடம் கையெழுத்து வாங்கிய நோட்டுக்கு இந்தப் பெயர் போனது, அப்புறம் போட்டோவுக்கு. இசைக்கு வந்த கதை இன்னும் சுவாரசியம். நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று முதல் ஐந்து நிமிடம்தான் பிடிக்கும் என்பதால் நீளமான இசையைப் பல தட்டுகளில் பிரித்துப் பதிந்து, உறைகளைச் சேர்த்துத் தைத்த புத்தகத்தில் செருகி விற்றார்கள், பார்க்க போட்டோ ஆல்பம் போலவே இருக்கும். 1948இல் கொலம்பியா கம்பெனியின் எல்பி என்ற நீண்ட நேர இசைத்தட்டு வந்து எல்லாம் ஒரே தட்டில் அடங்கிய பிறகும் பெயர் ஒட்டிக்கொண்டது.

தமிழில் என்ன சொல்வது? ‘இசைத்தொகுப்பு’ புழக்கத்தில் இருக்கிறது, தப்பில்லை. போட்டோவுக்கு ‘படத்தொகுப்பு’ என்றால்தான் சிக்கல், அது எடிட்டிங் ஆகிவிடும். ஆனால் நம்மிடம் இரண்டு பழைய சொற்கள் இருக்கின்றன. தொகை என்பது குறுந்தொகை மாதிரி: பல புலவர்கள், ஒவ்வொரு பாட்டும் தன்னந்தனியாக நிற்கும், எங்கே திறந்தாலும் படிக்கலாம். கோவை வேறு: திருக்கோவையாரில் 400 பாட்டும் ஒருவரே பாடியது, காதலர் முதலில் பார்த்துக்கொள்வதில் தொடங்கி வரிசையாகப் போகும், நடுவில் பிடுங்கினால் அந்தப் பாட்டு இருக்கும், கதை அறுந்துவிடும்.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம் என்பதற்கு அட்லாண்டாவின் ராப் ஜோடி அவுட்காஸ்ட் (பிக் பாய், ஆந்த்ரே 3000) நல்ல சாட்சி. 1998இல் வந்த ‘அக்குவெமினி’யின் பெயரே பிக் பாயின் கும்ப ராசியையும் ஆந்த்ரே 3000இன் மிதுன ராசியையும் ஒட்டவைத்தது. அது கோவை. 2003இல் வந்த ‘ஸ்பீக்கர்பாக்ஸ் / தி லவ் பிலோ’வில் பெயருக்கு நடுவிலேயே கோடு விழுந்துவிட்டது, ஒரு தட்டு பிக் பாயுடையது, இன்னொன்று ஆந்த்ரேயுடையது, மொத்தம் இரண்டு மணி நேரத்துக்கு மேல். 2004இல் ஆண்டின் சிறந்த ஆல்பம் என்று கிராமி கொடுத்தார்கள். எந்த ஆல்பத்துக்கு என்று கேட்கத் தோன்றுகிறது! ஒரே உறையில் இரண்டு தனி ஆட்கள் இருந்தால் அது 78 சுற்றுக் காலத்து அர்த்தத்தில்தான் ஆல்பம், அதாவது பை.

அன்று பேச்செல்லாம் ஆந்த்ரேயைப் பற்றித்தான். ராப்பை ஓரங்கட்டிவிட்டுப் பாட ஆரம்பித்திருந்தார், அந்தத் துணிச்சல் புதுசு, ‘ஹே யா’ உலகம் முழுக்க ஓடியது. இருபது வருஷம் தாண்டிக் கேட்டால் எனக்குக் கணக்கு தலைகீழாகிறது. ஆந்த்ரேயின் பாதியில் உச்சமான சில பாட்டுகள், நடுவில் முடிக்கத் தெரியாத நீளங்கள். எனக்கு அது தொகை. பிக் பாயின் பாதி அடக்கமாக, பேஸும் பித்தளைக் கருவிகளும் ஒன்றையொன்று கையைப் பிடித்து நடத்த, ஒரு பாட்டை எடுத்தாலும் அடுத்தது தடுமாறும் அளவுக்குக் கோத்த கோவை. அன்றைக்கு இது சரியாகக் காதில் விழாததற்கு எம்பி3 சிடியும் ஒரு காரணம் என்பேன், அதில் பாட்டுகள் அகர வரிசையில் விழுந்தால் எந்தக் கோவையும் தொகையாகிவிடும்.

அதனால் என் பரிந்துரை: பொதுவாக ‘இசைத்தொகுப்பு’, வரிசையோடு கேட்கவேண்டியதற்கு ‘இசைக்கோவை’. அந்த ஒற்றை ‘ஆல்பம் சாங்’குக்குத் ‘தனிப்பாடல்’ போதும், காளமேகம் காலத்துப் பாட்டுகளுக்கே நாம் வைத்திருக்கும் பெயர்தான் அது.